மாட்டு இதயம் சொன்ன பொய்

2023 மார்ச் 6, திங்கள்

பதோவாவிலிருந்து ஒர்னெல்லா ஃபோன் செய்தாள். என் காலில் ரத்தம் உறைந்ததே, அப்போது எடுத்த ரத்தத்தில் கொஞ்சம் தன் ஆய்வுக்கூடத்துக்குக் கேட்டு வாங்கிப் போயிருந்தாள். "வா பாட்டி, உன் ரத்தம் பண்ற கூத்தைக் காட்டறேன்." என் ஒரே மகனின் பெண்! நான் ஐந்தாவதோடு மீன் டப்பா தொழிற்சாலைக்குப் போனவள். எங்கள் ஊர் கியோஜா மீன் சந்தையில் நாலு பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

மார்ச் 9, வியாழன்

பதோவா போய்ப் பார்த்தேன். என் ரத்தத்தில் ஒரு புரதம், தன் வாலைத் தானே கவ்விய விலாங்கு மாதிரி வளையமாகக் கிடக்கிறது. கொழுப்பில் ஒட்டியதும் விரிந்து தூண்டில் முள்ளாகிவிடுகிறது. கிருமியைப் பிடிக்கவேண்டிய காவல்காரன் வந்து இந்த முள்ளின் மறுமுனையைப் பிடிக்கிறான். ரத்தம் உறைகிறது. இந்த வளையங்கள் ஊசி முனையில் கோடிக்கணக்கில் அடங்குமாம். எனக்குள்ளே இத்தனை நடந்திருக்கிறது, நான் துணி துவைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

"வயித்துல குழந்தையும் தங்காது பாட்டி, இதனால."

மகனுக்குப் பிறகு எனக்கு மூன்று தங்கவில்லை.

அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அந்தக் காலத்துல மேகநோய், அதான் சிபிலிஸ், அந்தச் சோதனையை மாட்டு இதயக் கொழுப்பை வெச்சுத்தான் பண்ணுவாங்க. உன்னை மாதிரி ரத்தம் அந்தக் கொழுப்பையும் பிடிச்சுக்கும். இல்லாத நோயை இருக்குன்னு காட்டிடும்."



மார்ச் 10

1970. மூன்றாவதும் கலைந்தபோது ரத்தத்தைச் சோதித்த டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார் — மேகநோய். என் கணவர் அம்பெலியோ கப்பல் வேலையில் இருந்தார். எந்தத் துறைமுகம், எவள்? கேட்கவில்லை. ஊசி போட்டுக்கொண்டேன். அவர் வந்ததும் என் படுக்கையை அடுத்த அறைக்கு மாற்றினேன். ஐம்பத்து மூன்று வருடம்! அந்த மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே... கேக்கலையே நான்...

மார்ச் 11

அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 12, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அவர் கணவாய் மீன் கழுவிக்கொண்டிருந்தார், விரலெல்லாம் மை. வளையம், முள், மாடு, டாக்டர் — முன்னும் பின்னுமாக எல்லாவற்றையும் கொட்டினேன். கத்துவார் என்று நின்றேன்.

"அதுக்கா தனி ரூமு?"

"அதுக்குத்தான்."

"நான் குறட்டை விடறேன்னுல்ல நினைச்சேன்! மூக்குக்கு எத்தனை வருஷம் மருந்து விட்டேன் தெரியுமாடி, பைத்தியக்காரி?"

மைக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மார்ச் 20

நிஜமாகவே குறட்டை விடுகிறார், என் காதுக்குப் பக்கத்தில்.