முற்றத்தின் உச்சிவேளை

டிசம்பர் 11

கணக்கு டீச்சருக்கு,

நலம்தானே? நீ கோபித்துக்கொண்டு உன் அக்கா வீட்டுக்குப் போய் இன்றோடு முப்பத்திநான்கு நாள். அதைப் பிறகு பேசலாம்.

நான் பழுதுபார்க்கும் பழைய கோயிலின் முற்றத்தில் ஆள் உயரக் கல்தூண் ஒன்று. அதன் அடியிலிருந்து வடக்கே தரையில் கோடு வெட்டியிருக்கிறார்கள். தூணின் நிழல் அதில் விழுந்தால் உச்சிவேளை. நேற்றுச் சரியாகப் பன்னிரண்டுக்குப் பார்த்தேன். விழவில்லை. பதினெட்டு நிமிடம் கழித்துத்தான் விழுந்தது. தரைக்கல் நகர்ந்துவிட்டது, பெயர்த்துப் பதிக்கவேண்டும் என்று அறிக்கை கொடுத்துவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை கடப்பாரை. மேஸ்திரிக்கு நக்கல்: "ஏன் சார், இத்தனை காலம் சும்மா கிடந்த கல்லு உங்க வாட்ச்ச பாத்ததும் நடந்துடுச்சா?"

எப்போது வருகிறாய்? தேதி, நேரம் இரண்டும் எழுது.

உன் வீட்டுக்காரன்


டிசம்பர் 14

அவசரக்காரருக்கு,

கடப்பாரையைக் கீழே வையுங்கள். உங்கள் வாட்ச் நாடு முழுவதற்கும் ஒரே நேரம் காட்டுகிறது. சூரியன் ஊர் ஊராகத்தான் வரும். அந்த முற்றத்துக்கு எப்போது உச்சியோ, அதைத்தான் தூண் சொல்கிறது.

சந்தேகமா? தூணைச் சுற்றிக் கயிற்றால் வட்டம் போடுங்கள். நிழலின் நுனி வட்டத்தைக் காலையில் தொடும் இடத்தையும் பிற்பகலில் தொடும் இடத்தையும் இணைத்தால் கிழக்கு மேற்கு. அதற்குச் செங்குத்து, வடக்கு. கட்டியவர்களும் இப்படித்தான் பார்த்திருப்பார்கள். பகல் முழுக்க உட்காரவேண்டும். உங்களுக்கு அதுதானே ஆகாது!

ரயிலடிக்குக் கால் மணி நேரம் தாமதமாக வந்தேன் என்று ஊர் பார்க்கக் கத்தினீர்கள். ஏன் தாமதம் என்று இன்றுவரை கேட்கவில்லை.

தேதியும் இல்லை, நேரமும் இல்லை.

டீச்சர்


டிசம்பர் 19

டீச்சர்,

உட்கார்ந்தேன். காலை ஒன்பதிலிருந்து மூன்றரை வரை. "சாருக்கு இன்னிக்கு வேற வேலையே இல்லையா?" என்று மேஸ்திரி குடை கொண்டுவந்து கொடுத்தார். நீ சொன்ன செங்குத்து, வெட்டிய கோட்டின் மேலேயே விழுந்தது. நூலிழை பிசகில்லை.

திசை பார்க்கும் கருவி பழுதுக்குப் போயிருந்தது. நான்கு நாள் பொறுக்காமல் வாட்ச்சை நம்பினேன். அறிக்கை தப்பு, தப்பு என்னுடையது என்று கோயில் கமிட்டி முன்னால் நானே படித்தேன். கல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அன்று ஏன் தாமதம்? இப்போது கேட்கிறேன். குறுக்கே பேசமாட்டேன்.

உனக்கு எப்போது சரியோ அப்போது வா. நேரம் எழுதாதே.

உன் வீட்டுக்காரன்