சனிக்கிழமை அப்பீல்

மச்சான்,

ஃபேரர் பார்க்கில் ஒரு காப்பிக் கடையில் ரோஸ் சிரப்பும் பாலுமாக ஒரு ஐஸ் பண்டோங் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் ஒரு வாய் குடிக்கவில்லை. குவளைக்கு வெளியே தண்ணீர் முத்துமுத்தாக நிற்கிறது. அதைப் பார்த்தாலே உன் மேல் எரிச்சல் வருகிறது. ஒருத்தனை நிம்மதியாக ஒரு குளிர்பானம்கூடக் குடிக்கவிடாமல் செய்துவிட்டுப் போன ஆள் உலகத்திலேயே நீ ஒருவன்தான்.

குளிர்ந்த குவளைக்கு வெளியே தண்ணீர் எப்படி வந்தது? உங்கள் தெம்பனிஸ் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நீ போட்ட கேள்வி. சனிக்கிழமை சாயங்காலம் ஊரே கடை கண்ணி என்று சுற்றும். உன் வீட்டில் மட்டும் பரீட்சை. அதுவும் பிள்ளைக்கு இல்லை, நமக்கு! நீ, நான், உன் பெண்டாட்டியான என் தங்கை செல்வி மூன்று பேரும் எழுத வேண்டும். உன் மகள் தர்ஷினி சிவப்புப் பேனாவோடு திருத்துவாள். "படின்னா படிக்க மாட்டா மச்சான். நம்மளைத் திருத்தச் சொல்லிப் பாரு, புத்தகத்தையே தின்னுடுவா" என்றாய். தின்றாள். கூடவே என்னையும் தின்றாள்.

பள்ளியில் ஆங்கிலத்தில் படிப்பதை வீட்டில் தமிழில் சொன்னால்தான் புரிந்ததாக அர்த்தம் என்பது உன் கட்சி. நான் செகண்டரி டூவோடு நின்றவன். அதற்கு மேல் எனக்குச் சொல்லிக்கொடுக்க அவர்களிடம் சரக்கு இல்லை. கிடங்கில் நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அழகைப் பார்த்துவிட்டு எஞ்சினியர்களே வந்து சந்தேகம் கேட்பார்கள். அப்பேர்ப்பட்ட நான் 'கண்ணாடிக்கு வேர்க்கிறது' என்று எழுதியதற்கு, "கண்ணாடி என்ன மாமா, ஜாகிங் போச்சா?" என்று கேட்டு முட்டை போட்டாள்.

அன்றைக்கு உனக்கும் முட்டைதான். காற்றில் உள்ள நீராவி குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டு நீர்த்துளி ஆகிறது என்று எழுதியிருந்தாய். எனக்கு அது பேராசிரியர் பதிலாகத்தான் பட்டது. அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"வெப்பத்தை இழந்துன்னு எழுதலையேப்பா. கீவர்ட் இல்லைன்னா மார்க் இல்லை லா."

நீ எழுந்து நின்று, "அப்பீல்!" என்று கையைத் தூக்கினாய். உன் வீட்டுச் சட்டப்படி அப்பீல் அடுத்த சனிக்கிழமைதான் விசாரணைக்கு வரும். "நல்லாத் தயார் பண்ணிட்டு வாங்கப்பா" என்று அவள் பேனாவை மூடினாள்.

அந்தச் சனிக்கிழமைக்குள் நீ போய்விட்டாய். வேலை இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. வழக்கைப் பாதியில் போட்டுவிட்டுப் போகிறவனை என்ன சொல்லித் திட்டுவது மச்சான்?

அதற்கப்புறம் பிள்ளை அந்தப் பேனாவைத் தொடவில்லை. அறிவியல் புத்தகத்தையும் தொடவில்லை. இந்த வருஷம் அவளுக்குப் பிஎஸ்எல்இ, தொடக்கப்பள்ளி முடிக்கிற பெரிய பரீட்சை. டியூஷனுக்கு அனுப்பினால் வாயைத் திறக்காமல் உட்கார்ந்துவிட்டு வருகிறாள். செல்வி கெஞ்சிப் பார்த்தாள், கத்திப் பார்த்தாள். கடைசியில் பிள்ளை அவளிடம் ஒரே ஒரு வரி சொல்லியிருக்கிறாள்: "அப்பாவுக்குக் கடைசியா நான் கொடுத்தது முட்டைம்மா."

செல்வி எனக்குப் போன் போட்டாள். "அண்ணே, நீதான் ஏதாச்சும் பண்ணணும்." வேறு யார் பண்ணுவது? குடும்பத்தில் பிரச்சினை என்றால் எல்லாருக்கும் என் நம்பர்தான் ஞாபகம் வரும்.

போன சனிக்கிழமை நீளக்கைச் சட்டை போட்டு, டை கட்டிக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் ஒரு அம்மா என்னை நிஜ வக்கீல் என்றே நினைத்து, மருமகள் விவகாரம் கேட்க ஆரம்பித்துவிட்டார். பாதி தீர்த்துவைத்துவிட்டுத்தான் இறங்கினேன். உன் மேசையில் ஐஸ் தண்ணீர் ஒரு குவளை வைத்தேன். பிள்ளையின் அறைக் கதவு சாத்தியிருந்தது.

"கனம் கோர்ட்டார் அவர்களே!" நான் போட்ட சத்தத்தில் எதிர் அடுக்குமாடி புளோக் ஜன்னல்களெல்லாம் திறந்தன. "ஒரு அப்பீல் நிலுவையில் கிடக்கிறது. கட்சிக்காரர் வர முடியாத நிலை. நான் அவர் வக்கீல்."

"மாமா, விளையாடாதீங்க." கதவுக்குப் பின்னாலிருந்து.

"குளிர்ந்த கண்ணாடின்னு என் கட்சிக்காரர் எழுதியிருக்கார். அதைத் தொட்டா வெப்பம் போகாம, பஸ் ஏறியா போகும்? மேலும் கனம் கோர்ட்டார் அவர்களே, ஐஸ் என்பது ஒரு வகைக் காந்தம். நீராவியை அப்படியே இழுக்கும். ரஷ்யாவிலேயே நிரூபிச்சிருக்காங்க."

கதவு படாரென்று திறந்தது.

"எந்த ரஷ்யா? ஐஸ் எதையும் இழுக்காது! நீராவிதான் தன்னோட வெப்பத்தைக் கண்ணாடிகிட்ட இழந்துடுது, அதனாலதான் துளியாகுது. அதைச் சொல்லலைன்னா ஏன் துளியாகுதுன்னு எப்படித் தெரியும்?"

மூச்சுவிடாமல் சொன்னவள் அப்படியே நின்றாள். குவளையில் வழிந்த ஒரு துளியை விரலால் தொட்டாள்.

"அப்போ உங்கப்பா பதில் தப்பா?"

"தப்பு இல்லை. முழுசா இல்லை."

செல்வி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். பிள்ளை குவளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள்: "அப்பீல் தள்ளுபடி."

"அடிப்பாவி! செத்துப்போன மனுஷனுக்கு ஒரு அரை மார்க் போடக்கூடாதா?"

"பாவம் பார்த்துப் போட்டா அது மார்க்கே இல்லைன்னு அப்பாதான் சொல்லுவாரு. நான் மாத்தினா அவரு ஏசுவாரு மாமா." குரல் உடைந்துவிட்டது. செல்வி அணைத்துக்கொண்டாள். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "என் சிவப்புப் பேனா எங்கம்மா?" என்றாள். எடுத்த கையோடு காந்தத்துக்காக எனக்கு ஒரு முட்டை.

கேட்டுக்கொள் மச்சான், வாழ்க்கையில் நான் வாதாடிய வழக்குகளில் தோற்றது இது ஒன்றுதான். வாதாடியதும் இது ஒன்றுதான் என்று உன் பெண்டாட்டி சொல்லுவாள், நம்பாதே.

"அண்ணே, குவளைகிட்ட என்ன முணுமுணுக்கிறீங்க? குடிங்க லா, ஐஸ் கரையுது" என்கிறார் கடைக்காரர். மனப்பாடம் பண்ணுகிறேன் என்று அவரிடம் சொல்ல முடியுமா? சுற்றியிருக்கும் காற்றில் உள்ள நீராவி, குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டு, வெப்பத்தை இழந்து, நீர்த்துளி ஆகிறது. ஒரு வார்த்தை விடாமல் வருகிறது. ஆனால் வருகிற சனிக்கிழமைப் பரீட்சை மின்சுற்றாம். உன் நாற்காலியில்தான் உட்கார வேண்டும் என்று நீதிபதி உத்தரவு.

இத்தனை நாளும் உன் பக்கத்தில் உட்கார்ந்து உன்னைப் பார்த்து எழுதினேன். இப்போது நான் யாரைப் பார்த்து எழுதுவது, சொல்லு?