காலிப் பெட்டி

என் பிடிவாதக்காரனுக்கு,

கிடைத்துவிட்டது! நீயும் நம் மகள் ஒலேஸ்யாவும் இத்தாலிக்கு வந்து என்னோடு வாழ அனுமதி கொடுத்துவிட்டார்கள்! அதிகாரி வீட்டை அளக்க வந்த அன்று, அறை பெரிதாகத் தெரியட்டுமென்று கட்டிலைச் சமையலறைக்குத் தள்ளியிருந்தேன். அவர் சிரித்துவிட்டார். "கட்டிலோட அளந்தாலும் மூணு பேருக்குத் தாராளம்மா!"

கிளம்பி வா என்றால், நீ போனில் வீட்டுத் திராட்சைக் கொடியை யார் பார்ப்பது என்றே பேசுகிறாய். அதை உன் தம்பி பார்த்துக்கொள்வான்.

இன்று நம் ஊருக்குச் சாமான் கொண்டுபோகும் மால்டோவா வேனில், வழக்கமாக அனுப்பும் பெட்டியை ஏற்றினேன். டிரைவர் தூக்கிப் பார்த்துத் திகைத்தான்.

"என்னக்கா, காலியா இருக்கு? காப்பித்தூள், சாக்லேட்டெல்லாம் மறந்துட்டியா?"

"மறக்கலடா. இந்தத் தடவை அவங்க நிரப்பிக் கொண்டுவரட்டும்."

முதலில் ஒலேஸ்யாவின் துணிகளை வை. மீதி இடத்தில் உன் சட்டைகள் இல்லாமல் அந்தப் பெட்டி வந்தால் கதவைத் திறக்கமாட்டேன்.

கட்டிலை மறுபடியும் அறைக்குள் இழுத்துப் போட்டுவிட்ட,
உன் மனைவி