டீலர் டூரும் குகைத் தண்ணீரும்

பிப்ரவரி 9, ஞாயிறு

பிப்ரவரியிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பெட்டி கட்ட வேண்டும். கட்டவில்லை.

அப்பாவின் பைப் கடைக்கு இந்த வருடம் டார்கெட் முடிந்துவிட்டது. அதனால் கம்பெனி செலவில் டீலர் டூர். பிலிப்பைன்ஸ். அதில் ஏதோ ஒரு தீவு, பெயர் வாயில் நுழையவில்லை. டீலருக்கு ஒரு டிக்கெட், வீட்டம்மாவுக்கு ஒரு டிக்கெட். அம்மாவுக்கு விமானம் என்றாலே பயம். "நான் வரல சாமி, பாப்பாவக் கூட்டிட்டுப் போங்க." ஆகவே நான்.

சும்மா இல்லை. கண்டிஷன். சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கேட்டா காமாலைன்னு சொல்லு."

"யாருக்கு?"

"ஒனக்குத்தான். மஞ்சக் காமாலை, லிவர் வீக்கு, ஒரு வருசம் லீவு. ஜூன்ல திரும்பிப் போறன்னு சொல்லிருக்கேன்."

"நான் எங்கப்பா போறேன்னு சொன்னேன்?"

"நான் சொல்லிருக்கேன்ல."

நடந்தது இவ்வளவுதான். இ.சி.இ. மூன்றாம் வருடம் பாதியில் நிறுத்தினேன். காரணம், பிடிக்கவில்லை. "வேற ஏதோ இருக்கு" என்று எல்லோரும் தோண்டுகிறார்கள். வேறு ஒன்றும் இல்லை. இப்போது காலையில் நீச்சல் குளத்தில் லேடீஸ் பேட்ச், கோச் மேடத்துக்கு உதவி. பிடித்திருக்கிறது. அப்பா இந்த வேலைக்கு வைத்திருக்கும் பெயர், "பொம்பளைங்களுக்குக் கால் பிடிச்சு விடுறது."

அவர் திட்டமும் தெரியும். கப்பலூர் டீலர் தங்கராசு மாமாவும் டூருக்கு வருகிறார். அவருக்கு ஒரு காலேஜ் கரஸ்பாண்டென்ட் நல்ல பழக்கம். டூரில் மாமாவைக் குளிர வைத்து, ஜூனில் என்னை அங்கே சொருகிவிட வேண்டும். காமாலை வந்த பிள்ளைக்கு சீட் தருவார்கள். வேண்டாம் என்று எழுந்து வந்த பிள்ளைக்குத் தர யோசிப்பார்களாம்.

பாஸ்போர்ட், சார்ஜர், நீச்சல் டிரஸ். மூன்றாவதைத் துண்டுக்குள் சுருட்டி அடியில் வைத்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

விமானம் மாறி விமானம் மாறி, கடைசியில் ஒரு படகு. மழை. நம்ம ஊர் வெயிலை ஈரத்துணியில் சுற்றி முகத்தில் போட்ட மாதிரி புழுக்கம்.

எல்லாம் மதுரை சுற்று வட்டார டீலர்கள். கூடவே மதுரையிலிருந்து சமையல் மாஸ்டர், அவருக்குத் துணையாக ஒரு மூட்டை ரசப்பொடி. கடல் தெரியும் ஹோட்டலில் உட்கார்ந்து கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. பக்கத்து டேபிள் வெள்ளைக்காரர் எட்டி எட்டிப் பார்த்தார். செல்லூர் டீலர் பாண்டி மாமா அவர் தட்டிலும் ஒரு கரண்டி ஊற்றிவிட்டார்.

காமாலை என் தட்டில் வேலையைக் காட்டிவிட்டது. தங்கராசு மாமாவின் வீட்டம்மா சரோஜா அத்தை என் பக்கத்துச் சீட். மீன் வறுவல் வந்தது, தள்ளிவிட்டார். அப்பளம், அதுவும் தள்ளி.

"எண்ணெயே ஆகாதுடி ஆத்தா. மோர் சோறு சாப்புடு. கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சியா?"

"ம்."

"கண்ணக் காட்டு. இன்னும் லேசா மஞ்சளாத்தான் இருக்கு."

சுத்தப் பொய். என் கண் பால் மாதிரி இருக்கிறது. எதிரே அப்பா வறுவலைப் பிய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

மோர் சோறு. ஊறுகாய் கூடக் கிடையாது.

பிப்ரவரி 12, புதன்

பீச். டீலர்கள் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு வரிசையாக நின்று போட்டோ. அலை வந்தால் மொத்த வரிசையும் பின்னால் ஓடுகிறது. பைப், மோட்டார், டேங்க், வால்வு, இவர்கள் விற்பதெல்லாம் தண்ணீர்ச் சாமான். ஒருத்தருக்கும் நீச்சல் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். அவரும் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு அவர்களோடு பின்னால் ஓடினார். ஏன் என்று கேட்டேன்.

"முதலாளிங்களோட வந்துருக்கோம். ஜட்டியோட குதிக்கச் சொல்றியா?"

காலை டிபன்: இட்லி. மதியம்: மோர் சோறு. மாலை: எல்லோருக்கும் பஜ்ஜி, எனக்கு பிஸ்கட்.

தங்கராசு மாமாவும் அப்பாவும் தனியாக நடந்துவிட்டு வந்தார்கள். அப்பா முகத்தில் வெளிச்சம். "பேசிட்டேன் பாப்பா. ஊருக்குப் போனதும் போன் போட்டுக் குடுக்குறேன்னாரு." தலையாட்டினேனா இல்லையா, ஞாபகம் இல்லை. ஆட்டியிருக்க மாட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

காலை மழை விட்டது. குகை.

வேனில் போய் இறங்கினால் குகையே தெரியவில்லை. தென்னை மரம், துணிக்கடை, அதற்கு நடுவில் தரையில் ஒரு ஓட்டை. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு மாதிரி. உள்ளே குறுகலாகப் படி. எல்லோருக்கும் தலையில் ஹெல்மெட். வழிகாட்டி ஜாய், என் தோள் உயரம்தான் இருப்பாள், இங்கிலீஷ் சரசரவென்று. அதைத் தமிழில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

குனிந்து குனிந்து இறங்கி நிமிர்ந்தால், அம்மாடி.

பெரிய கல்யாண மண்டபம் அளவு. கூரையில் இரண்டு ஓட்டை, அது வழியாக வெளிச்சம் தூண் மாதிரி இறங்குகிறது. மேலேயிருந்து சுண்ணாம்புக் கல் விழுது விழுதாகத் தொங்குகிறது. சின்னச் சின்னக் குருவிகள். கீழே தண்ணீர். அசையாமல். நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. ஒரு சொட்டு விழுந்தால் குகை முழுக்கக் கேட்கிறது.

ஒரு விரல் நீளம் வளர எத்தனையோ தலைமுறை ஆகும், தொடாதீர்கள் என்றாள் ஜாய். சொன்னேன். பாண்டி மாமா விழுதை அண்ணாந்து பார்த்தார்.

"இது என்ன பாப்பா பெரிய அதிசயம். திருமங்கலம் தண்ணிய விடச் சொல்லு, ஆறு மாசத்துல பைப்ப அடைச்சிரும்."

குனிந்து தண்ணீரை ஒரு கை அள்ளி வாயிலும் விட்டுக்கொண்டார். ஜாய் அலறினாள்.

"அண்ணே, உப்பு! அசல் போர்த் தண்ணி. இவைங்களுக்கு ஒரு ஆர்.ஓ. போட்டுக் குடுத்தா நல்லா ஓடும்."

சிரிப்பு. ஒருத்தர் சிரித்தது ஊரே சிரித்த மாதிரி திரும்பி வந்தது. இங்கே ரகசியம் பேச முடியாது என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

நீந்த அனுமதி உண்டு, யாராவது இறங்குகிறீர்களா என்று ஜாய் கேட்டாள். மொழிபெயர்த்தேன். அவரவர் செருப்பைப் பார்த்தார்கள்.

நான் உள்ளே நீச்சல் டிரஸ் போட்டுத்தான் வந்திருந்தேன். ஹெல்மெட்டையும் மேல் சட்டையையும் கழற்றி வைத்தேன்.

அப்பா பக்கத்தில் வந்தார். வாய் அசையாமல், "பாப்பா, வேணாம்." மெதுவாகத்தான் சொன்னார். குகை அதை எல்லோருக்கும் சொன்னது.

"ஏண்டி, காமாலை உடம்பு! பச்சத் தண்ணில எறங்குவாகளா?" சரோஜா அத்தை.

படி வழியாக இறங்கினேன். கணுக்கால், முட்டி, இடுப்பு. பல் கிட்டியது. பிறகு காலை விட்டேன்.

நடுவில் போய் மல்லாந்து மிதந்தேன். காது தண்ணீருக்குள். கூரை ஓட்டையில் ஒரு துண்டு வானம், ஓரத்தில் மரத்து வேர் தொங்குகிறது. மூடி போட்ட கிணறு. இங்கே யாரும் என்ன படிக்கிறாய் என்று கேட்கவில்லை. இந்தத் தண்ணீருக்கு என் லிவர் பற்றித் தெரியாது. இரண்டு நிமிடமோ மூன்று நிமிடமோ, என் வாழ்க்கையில் நான் இருந்ததிலேயே நல்ல இடம்.

தலையைத் தூக்கினால் கைதட்டல். பாண்டி மாமா.

"அண்ணே, புள்ள மீனு கணக்கால்ல போகுது! யாருண்ணே கத்துக் குடுத்தது?"

அப்பா சொன்னார். "காலேஜ்ல. அங்க குளம் இருக்கு."

காமாலையை முழுங்கினேன். மோர் சோற்றை முழுங்கினேன். இது இறங்கவில்லை. அந்தக் காலேஜில் குளம் கிடையாது. சிண்டெக்ஸ் டேங்க்தான் உண்டு. நீச்சல் கற்றபோது எனக்கு ஆறு வயது. தோட்டத்துக் கிணறு. இடுப்பில் காலி எண்ணெய்க் கேனைக் கயிற்றால் கட்டி, தானும் உள்ளே இறங்கி, என் வயிற்றுக்கு அடியில் கை கொடுத்துப் பிடித்தது இந்த ஆள். "அழுதா வாய்க்குள்ள தண்ணி போகும். கரைக்கு வந்து அழு." எனக்குக் கொடுத்ததிலேயே நல்லதைத் தூக்கி அந்தக் காலேஜ் கட்டடத்துக்குத் தானம் பண்ணிவிட்டார். பன்னிரண்டு பேர் முன்னால்.

நட்ட நடுத் தண்ணீரில் மிதந்தபடி கத்தினேன்.

"காலேஜ் இல்ல! எங்கப்பாதான் கத்துக் குடுத்தாரு! கெணத்துல! கேனக் கட்டி!"

"பாப்பா..."

"எனக்குக் காமாலையும் இல்ல ஒண்ணும் இல்ல! காலேஜ நாந்தான் நிறுத்திட்டேன்!"

நிறுத்திட்டேன், ட்டேன், ட்டேன் என்று குகை சுற்றிச் சுற்றிச் சொன்னது. குருவியெல்லாம் பறந்தது. திரும்ப வாங்க முடியாது. வாங்கவும் தோன்றவில்லை.



தங்கராசு மாமாதான் முதலில். "என்னண்ணே. எங்கிட்டயுமா?"

அப்பா ஹெல்மெட் வாரைக் கழற்றினார். திரும்ப மாட்டினார். அந்தப் பெண்ணுக்கு ஏதாவது உதவி வேண்டுமா என்று ஜாய் பதறிக் கேட்க, பாண்டி மாமா கை காட்டி, "நோ ப்ராப்ளம் மேடம். பேமிலி மேட்டர்."

நான் கரைக்கு வரவில்லை. இன்னும் இரண்டு சுற்றுப் போனேன். வேண்டுமென்றேதான்.

ஏறி வந்தபோது கடைசிப் படியில் சரோஜா அத்தை மட்டும் நின்றிருந்தார். சேலையைத் தூக்கிச் செருகி, கணுக்கால் வரை தண்ணீரில். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். துண்டை நீட்டினார்.

"பயமா இருக்காதாடி?"

"இருக்கும். மொத நாளு."

மதியம் வேன் நிழலில் மாஸ்டர் பூரி போட்டார். ஐந்து சாப்பிட்டேன். கிழங்கு, ஊறுகாய் இரண்டு தடவை. ஒருத்தரும் தட்டைத் தள்ளவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

அப்பா பேசவில்லை. பாத்ரூம் போவதென்றால் கூடக் கதவை மட்டும் காட்டுகிறார். நானும் பேசவில்லை. மன்னிப்புக் கேள் என்று அம்மா போனில். எதுக்கு? பொய் சொன்னது யார்?

படகில் பாண்டி மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீ நிறுத்திட்டேன்னு கத்துன. எம் மவன் நிறுத்தவும் மாட்டேங்கிறான், பாஸாகவும் மாட்டேங்கிறான். அவன எந்தக் கொகைக்குக் கூட்டிட்டுப் போறது?"

சிரித்துவிட்டேன். மூன்று சீட் தள்ளி அப்பா. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது இந்தப் பக்கம்தான்.

தங்கராசு மாமா அப்பாவோடு உட்காரவில்லை. அது மட்டும் கொஞ்சம் உறுத்தியது. கொஞ்சம்தான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மதுரை. வறண்ட காற்று, மூக்கு எரிகிறது. வீட்டுக்கு வரும் காரில் டிரைவர் வாயை மூடவில்லை. பசுமலை தாண்டும்போது கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "பாப்பா என்ன படிக்குது சார்?"

நான் வாயைத் திறந்தேன். அப்பா முந்திக்கொண்டார்.

"ரோட்டப் பாத்து ஓட்டுப்பா."

மூன்று நாளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம். காமாலை வரவில்லை அதில். கவனித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 17, திங்கள்

காலை குளம். பேட்ச் எட்டுப் பேர். குளோரின் வாடை. அந்தக் குகைத் தண்ணீர் இன்னும் காதுக்குள் இருக்கிற மாதிரி.

வீட்டுக்கு வந்தால் அப்பா கடைக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கிறார். போன் அடித்தது. தங்கராசு மாமா. அப்பா எடுத்து ஸ்பீக்கரில் போட்டு, எனக்கும் அவருக்கும் நடுவில் டேபிளில் வைத்தார்.

"அண்ணே, கோவம் இருந்துச்சு எனக்கு, இல்லேங்கல. இருந்தாலும் புள்ள விசயம். கரஸ்பாண்டென்ட்கிட்ட உள்ளதச் சொல்லிட்டேன். அவரு பரவாயில்ல, கூட்டிட்டு வாங்கன்னுட்டாரு. நாளைக்குக் காலைல வந்துருங்க."

போச்சு. உண்மையைச் சொன்னாலும் சீட் கிடைக்கிறது. நான் "மாட்டேன்" என்று தொடங்கினேன். அப்பா கையைக் காட்டினார். வாயை மூடு என்கிற கை. சரி, வரட்டும், இன்னொரு தடவை கத்த வேண்டியதுதான் என்று மூச்சை இழுத்தேன்.

"காலைல முடியாதுண்ணே," என்றார் அப்பா. "அவளுக்கு பேட்ச் இருக்கு."

"சாயந்திரம்?"

"சாயந்திரமும் வேணாம். அவ போகமாட்டா. நானும் எம்புட்டுதான் இழுக்குறது."

கோபமாகத்தான் சொன்னார். நெற்றி நரம்பு புடைத்திருந்தது. இருக்கட்டும். பேட்ச் என்றார். கால் பிடிக்கிற வேலை என்று சொல்லவில்லை.

அந்தப் பக்கம் சலசலப்பு. "ஏங்க, குடுங்க இங்கிட்டு." சரோஜா அத்தை. "பாப்பா, லேடீஸ் பேட்ச் எத்தன மணிக்கு? எங்க வயசுக்காரிகளச் சேப்பாகளா?"

"ஆறு மணி அத்தை. சேப்பாங்க."

"நாளைக்கு வாரேன். நீதான் பிடிக்கணும். வேற யாரையும் நம்ப மாட்டேன்."

"மிதவைப் பலகை குடுப்பாங்க அத்தை, பயப்படாதீங்க."

அப்பா போனை அணைத்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். வாசல் வரை போய், என்னைப் பார்க்காமல்,

"பலகைய நம்பி அந்தம்மாவ விட்ராத. கடைல காலிக் கேன் கெடக்கு. மூடிய இறுக்கிப் பாத்துக் கட்டு."

மதியம் கடையிலிருந்து ஆள் வந்து இரண்டு கேனை வைத்துவிட்டுப் போனான். கயிறும் சுற்றி வந்திருந்தது. பாத்ரூமில் வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தேன். ஒன்று சரி. இன்னொன்றின் அடியிலிருந்து குமிழ் குமிழாக வருகிறது. சரியானதில் கயிற்றைக் கட்டி, நாளைக்கு எடுத்துப்போகும் பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.