வியாழக்கிழமை தர வேண்டிய கண்ணாடி

புதன்கிழமை, பிற்பகல்

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் இன்றுவரை நலம். நாளையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். உங்கள் மகள் பரீட்சை நன்றாக எழுதினாளா? என் மகளின் பள்ளியில் இந்த வாரம் பாடத்தைவிட அபாயச் சங்குதான் அதிகம் ஒலிக்கிறது. சங்கு ஊதியதும் பெஞ்சுக்கு அடியில் புகுந்து காதைப் பொத்திக்கொள்ள வேண்டுமாம். நேற்று வந்து, "அம்மா, எங்க பெஞ்சுக்கு ஒரு கால் ஆடுது, குண்டு விழுந்தா தாங்குமா?" என்று கேட்டாள். உங்கள் ஊரிலும் இதே பயிற்சிதானே? உங்கள் நாட்டுக் குண்டுக்குப் பயந்து இவள் புகுகிறாள், எங்கள் நாட்டுக் குண்டுக்குப் பயந்து உங்கள் மகள்.

லென்ஸ் கம்பெனி விற்பனையாளர் மாலையில் விமானம் ஏறுகிறார். கடிதத்தை, நாம் இருவரும் கண்ணாடித் தொழில் படித்த அந்த மூன்றாம் நாட்டில், நம் பயிற்சி ஆசிரியையிடம் சேர்ப்பார். அங்கிருந்து அது உங்களுக்கு வர ஒன்பது நாளாவது ஆகும். அதனால் முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்ததும் கடை ஷட்டரை இறக்கிவிட்டுக் கத்தரியை எடுங்கள். உங்கள் ஆர்டர் படிவங்களின் மேல்பாதியை எல்லாம் வெட்டி எரித்துவிடுங்கள்.

காரணம் என் பிழை. கண் சோதிக்கும் அந்த அட்டை உங்கள் யோசனை, அதில் ஒரு குற்றமும் இல்லை. கிட்டத்தில் படிக்கும் பார்வையைச் சோதிக்க எதையாவது படிக்கச் சொல்லத்தானே வேண்டும், நம் கோரிக்கையையே படிக்கச் சொல்வோம் என்றீர்கள். பெரிய எழுத்தில் "எங்கள் பிள்ளைகள் பெரியவர்களாக வேண்டும்." அடுத்த வரி சற்றுச் சிறிதாக, "இரு நாடுகளும் ஒரே நாளில் அணுகுண்டுகளைக் குறைக்கத் தொடங்க வேண்டும்." ஆகச் சிறிய எழுத்தில், "சம்மதமானால் இங்கே கையெழுத்திடுங்கள்." கடைசி வரி தெளிவாகத் தெரிந்தால் பவர் சரி. முதலில் தயங்கியவர்கள்கூட வாய்விட்டுப் படித்த பிறகு பேனாவைக் கேட்டார்கள். ஒரு தையல்காரர், "இதப் படிக்க வைக்கத்தான் என் கண்ணக் கெடுத்தீங்களாம்மா?" என்று சிரித்துக்கொண்டே போட்டார்.

பொய்க் கையெழுத்து என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, இரு கடைகளிலும் ஆர்டர் படிவத்தின் அடிப்பாதியிலேயே கையெழுத்து வாங்கலாம் என்றது நான். மேல்பாதியில் பெயர், வீட்டு எண், போன் எல்லாம் இருக்கும். தையல்காரருக்கு ஒரு தூரம், ஓட்டுநருக்கு ஒரு தூரம் என்று வேலைக்கேற்ற பார்வைத் தூரம் பார்ப்பதால் வேலையும் வேலை செய்யும் இடமும் இருக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பேர். ஆயுதத் தொழிற்சாலை கேன்டீனில் சமைப்பவர் இருக்கிறார், ராணுவ அலுவலகத்துக் குமாஸ்தா இருக்கிறார், என் மகளின் வகுப்பு ஆசிரியை இருக்கிறார். எல்லாரையும் என் கையால் வரிசையாக அந்தப் படிவங்களில் எழுதி வைத்திருந்தேன், அக்கா.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், சாதாரண சட்டைதான். என்ன வேலை என்று கேட்டதற்கு, "ஆபீஸ் வேலைதான்" என்றார். சோதனை ஃபிரேமை மாட்டி, பழக்கதோஷத்தில் அட்டையைக் கையில் கொடுத்தேன். முதல் வரியைப் படித்தார், இரண்டாவதையும் படித்தார். கடைசி வரி மங்கலாக இருக்கிறது என்றார். லென்ஸ் பவரைக் கால் பாயிண்ட் கூட்டினேன். அதையும் சத்தமாகப் படித்தார். பிறகு அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"இதுவரைக்கும் எத்தன பேரு இதப் படிச்சிருக்காங்க?" என்று கேட்டார். கண் சரியில்லாதவங்க எல்லாரும்தான் சார் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. படிவத்தை நான் நிரப்பும்போது வேலை இடத்துக்கு வந்ததும் என் பேனாவை வாங்கித் தானே எழுதினார்: காவல் துறை, விசாரணைப் பிரிவு. அடிப்பாதியில் கையெழுத்துப் போடவில்லை. படிவப் புத்தகத்தில் நான்கைந்து தாளைப் பின்னால் புரட்டி, கைநீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உங்க பொடி எழுத்து கண்ணாடி இல்லாம ஒண்ணும் புரியலம்மா. வியாழக்கிழமை கண்ணாடிய வாங்கிப் போட்டுக்கிட்டு இங்கயே உக்காந்து நிதானமாப் படிக்கிறேன். நோட்டு இங்கதான இருக்கும்?" என்றார். இருக்கும் சார் என்று நானே சொன்னேன்.

சத்தம் போட்டு மிரட்டியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். நமக்காகப் பேருந்து நிலையத்தில் கையெழுத்து வாங்கிய கண்டக்டர் அண்ணன் போன மாதம் இரண்டு நாள் அவர்கள் அலுவலகத்தில் இருந்துவிட்டு வந்தார். வாய் ஓயாத மனிதர். இப்போது தெருவில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்.

நீங்கள் தம்பி என்று கூப்பிடும் என் வீட்டுக்காரர், பின்னறையில் அந்தப் போலீஸ்காரருடைய லென்ஸைத் தேய்த்துக்கொண்டே, "பவர மாத்திப் போட்டுடட்டுமா? ஒரு வாரம் தலைவலியில அலையட்டும்" என்றார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று பார்த்தால் முகத்தில் சிரிப்பே இல்லை. நான் வேண்டாம் என்றேன். பதினான்கு வருடத்தில் தெரிந்தே ஒரு கண்ணாடியைத் தப்பாகக் கொடுத்ததில்லை. கண்ணாடி தயாராகிவிட்டது. நானே சரிபார்த்துக் கூட்டில் வைத்தேன். நன்றாகத் தெரியும்.

நேற்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இருவரும் வெட்டினோம். மேல்பாதியெல்லாம் பின்னறை அடுப்பில் எரிந்தது. அடிப்பாதிகளைக் கட்டி விற்பனையாளரின் மாதிரிப் பெட்டியில் வைத்துவிட்டேன். அவை ஆசிரியையிடம் இருக்கும். கையெழுத்துகள் இருக்கின்றன, ஆனால் யாருடையவை என்று இனி என்னாலும் சொல்ல முடியாது.

இரண்டு பக்கமும் ஒரே நாளில், ஒரே மாதிரிப் படிவத்தை, முகவரியோடு அவரவர் அரசிடம் கொடுப்போம், ஒருவர் கொடுக்காமல் மற்றவர் கொடுப்பதில்லை என்று பேசியிருந்தோம். அந்தப் பேச்சை நான் உடைத்துவிட்டேன். உங்களோடு இருப்பவர்கள், "பாத்தியா, அந்த நாட்டுக்காரி புத்தியக் காட்டிட்டா" என்பார்கள். சொல்லட்டும். நீங்களும் அப்படி நினைத்துவிடுவீர்களோ என்பதுதான் நேற்றிலிருந்து என் கவலை. நான் பின்வாங்கவில்லை, அக்கா. இதற்கு அத்தாட்சி எதுவும் என்னிடம் இல்லை. என் வார்த்தையை மட்டும்தான் நம்ப வேண்டும்.

ஒரே ஒரு படிவத்தை வெட்டாமல் புத்தகத்திலேயே விட்டிருக்கிறேன், என்னுடையதை. நாளை அவர் வந்து உட்காரும்போது படிக்க ஏதாவது இருக்க வேண்டும். ஒன்றுமே இல்லாவிட்டால் தெருத் தெருவாகத் தேடுவார். வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "ஏன், நான் உனக்கு ஆகாதவனா?" என்று தன்னுடைய படிவத்தையும் புத்தகத்தில் விடச் சொன்னார். அதற்குள் அதை எரித்துவிட்டிருந்தேன். மகளுக்கு ஒருவராவது வேண்டும் இல்லையா. அவருடைய கோபம் இன்னும் ஆறவில்லை.

நாம் பயிற்சியில் இருந்த நாளிலிருந்தே, நான் ஒன்று செய்தால் நீங்களும் அதையே செய்வீர்கள். இதில் மட்டும் வேண்டாம். உங்கள் மகளுக்கு அப்பாவும் இல்லை. உங்கள் படிவத்தையும் சேர்த்து எரித்துவிடுங்கள். நான் கேட்டு நீங்கள் எதையும் மறுத்ததில்லை.

நீங்களும் அவளும் நூறு வயது நன்றாக இருங்கள். எனக்குப் பதில் இந்தக் கடை முகவரிக்கு வேண்டாம். ஆசிரியைக்கு எழுதுங்கள்.

என்றும் உங்கள்,
தங்கை