ஏறாதவர்களின் எண்ணிக்கை

ஜூலை 6

டீச்சர்,

நலம். நீயும் அப்படியே என்று எடுத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் நீ ஜெயித்துவிடுவாய். அதனால் கடிதம்.

முதலில் கஷ்டமானது. நீ அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், நாம் மாதம் இரண்டு முறை பார்த்துக்கொண்டோம். அடுத்த வருடம் மாதம் ஒரு முறை. இந்த வருடம் பாதி போய்விட்டது. ஒரே ஒரு தடவை, அதுவும் என் தங்கை வீட்டில், கூட்டத்துக்கு நடுவில். கோடு எங்கே போகிறது என்று சொல்ல எம்.எஸ்சி. படித்திருக்க வேண்டாம். சண்டை இல்லாமல் பிரிந்துவிடலாம் என்று தோன்றுகிறது. யோசித்து எழுது. செமஸ்டர் முடிவதற்குள் எழுதினால் போதும்.

இரண்டாவது, ஆபீஸ் விஷயம். முன்கணிப்பு வகுப்புக்கு நிஜமான தரவு வேண்டும் என்று கேட்டிருந்தாய். பதினாறாம் எண் பஸ்ஸின் மூன்று வருட டிக்கெட் கணக்கை அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு டிரிப்பிலும் எத்தனை பேர் ஏறினார்கள் என்பது அதில் இருக்கிறது. ஆள் குறைந்துகொண்டே வருகிறது. குறையக் குறைய நாங்களும் ஒவ்வொரு வண்டியாக எடுத்துவிட்டோம். வருடக் கடைசியில் வழித்தடத்தையே நிறுத்திவிடலாம் என்கிறார் மேலாளர். உன் வகுப்புப் பிள்ளைகள் வேறு ஏதாவது சொல்கிறார்களா பார்.

இப்படிக்கு,
டிப்போக்காரன்


ஜூலை 19

அன்புள்ள டிப்போக்காரருக்கு,

கஷ்டமானதைப் படித்தேன். எத்தனை தடவை என்று சொன்னால் உனக்குக் கர்வம் வந்துவிடும். பதில் உண்டு. இன்றைக்கு இல்லை.

உன் பஸ்ஸைப் பற்றிச் சொல்கிறேன்.

ஜன்னலைச் சரியாகச் சாத்த முடியாத அறை. எல்லாவற்றையும் நீலமாகவே காட்டும் ப்ரொஜெக்டர். முப்பது பேர். முதலில் ஒரு சோம்பேறிக் கணிப்பைப் போடச் சொன்னேன்: அடுத்த வாரமும் இந்த வாரம் மாதிரியே இருக்கும். அதைக்கூட ஜெயிக்க முடியாத மாடலை என்னிடம் கொண்டுவர வேண்டாம் என்றேன். பாதிப் பேர் தோற்றார்கள். முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஒரு குழுவுக்கு மட்டும் பிழையே இல்லை. எனக்குச் சந்தேகம். பார்த்தால், தேதிகளைச் சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்துப்போட்டு மாடலுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அது புதன்கிழமையைப் பார்த்துவிட்டுச் செவ்வாய்க்கிழமையைக் கணித்திருக்கிறது. “நாளைக்கு வர்ற பேப்பரைப் படிச்சிட்டு இன்னிக்கு ஜோசியம் சொல்லாதீங்க” என்றேன். இன்னும் என்மேல் கோபமாக இருக்கிறார்கள். நல்லது, மறக்க மாட்டார்கள்.

ஒழுங்காகச் செய்தவர்களின் கோடும் கீழேதான் போனது. உங்கள் மேலாளர் சொல்வது போலவே. பாடத்தை முடிக்கப் போனேன். கடைசி வரிசையில் ஒரு பெண். எதைப் பேசினாலும் ‘ஆனா’ என்றுதான் தொடங்குவாள், அதனால் வகுப்பில் அவள் பெயரே ஆனா. காலை எட்டு மணி டிரிப்பில் மட்டும் எண்ணிக்கை ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி இருக்கிறது என்று காட்டினாள். பிறகு கேட்டாள்:

“ஆனா மேடம், வண்டி நிரம்பினதால ஏற முடியாம நின்னவங்க இதுல எங்க இருக்காங்க?”

எங்கேயும் இல்லை. டிக்கெட் வாங்கியவர்தான் கணக்கில் வருவார். வண்டியை எடுத்தால் ஏறுகிறவர் குறைவார். குறைந்ததைப் பார்த்து இன்னொரு வண்டியை எடுப்பீர்கள். எத்தனை பேருக்கு பஸ் வேண்டும் என்பதை அல்ல, நீங்கள் விட்டுவைத்த இடத்தைத்தான் அந்தக் கோடு அளந்திருக்கிறது.

அதிகாரி சட்டையைக் கழற்றிவிட்டுப் போய் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் நில். காலையில். வேலைக்குப் போகிறவன் மாதிரி.

டீச்சர்


ஆகஸ்ட் 11

டீச்சர்,

நின்றேன்.

முதல் வண்டி நிற்கவே இல்லை. டிரைவர் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போனார். அப்புறம்தான் நான் யார் என்று உறைத்திருக்கும். மறுநாள் டிப்போவில் என் கண்ணில் படவே இல்லை.

பக்கத்தில் யூனிஃபார்மில் ஒரு நர்ஸ். தினமும் இதில்தான் போகிறீர்களா என்று கேட்டேன். “இதை நம்பி நின்னா வேலை போயிடும் சார். கூட்டத்தை ஒரு பார்வை பார்ப்பேன், நடந்துடுவேன்” என்றாள். சொல்லிக்கொண்டே நடந்துவிட்டாள். அவளை எந்த நெடுவரிசையில் எழுதுவது?

மேலாளரிடம் போனேன். உங்க வீட்டம்மா அங்கே பாடம் எடுத்தா நமக்கு இங்கே பரீட்சையா என்று சிரித்தார். ஆனாலும் காலைக்குக் கூடுதலாக ஒரு வண்டி கொடுத்தார். இரண்டு மாதம். அதற்குள் ஆள் வராவிட்டால் வழித்தடம் போய்விடும், என் பேரும் சேர்ந்து போகும்.

ஒரு வாரம் ஓடிவிட்டது. காற்றை ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று அந்தக் கூடுதல் வண்டி டிரைவர் கேலி செய்கிறார். ஆனாவிடம் சொல்.

நீ இன்னும் பதில் எழுதவில்லை. காத்திருக்கிறேன் என்று எழுதினால் கெஞ்சுவது போல இருக்கிறது. எழுதிவிட்டேன்.

டிப்போக்காரன்


ஆகஸ்ட் 30

அன்புள்ள உனக்கு,

காற்று ஏறட்டும். வண்டியை எடுக்க விடாதே. நின்று ஏமாந்தவர்கள் மறுபடி வந்து நிற்க நாளாகும். வருவார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எத்தனை பேர் என்று கேட்டால் மட்டும் இத்தனையிலிருந்து இத்தனைக்குள் என்பேன். கணக்கைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். ஆனா போட்டது, நான் சரிபார்த்தது.

இப்போது நம் விஷயம்.

நடந்த சந்திப்புகளை மட்டும் எண்ணியிருக்கிறாய்.

பிப்ரவரியில் பை கட்டி வைத்திருந்தேன். போனில் “வர்றதுன்னா வா, உன் இஷ்டம்” என்றாய். பையைப் பிரித்தேன். ஏப்ரலில் ரயில் நிலையம் வரைக்கும் வந்துவிட்டேன். அப்போதுதான் போனில் உனக்கு ஆடிட் என்றாய். பிளாட்பாரத்தில் ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பினேன். கிளம்பியதை உன்னிடம் சொல்லவில்லை. ரோஷம். உன் கோட்டில் இரண்டும் பூஜ்யம்.

உன் பக்கமும் இப்படி ஏதாவது இருக்கும். எழுது.

வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். எல்லாரும் இப்போது செய்வதையே செய்துகொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதுதான் முன்கணிப்பு. யாராவது எழுந்து வேறு ஏதாவது செய்தால் அது பொய்த்துப்போகும். பொய்த்தால் வருத்தப்படாதீர்கள்.

என் பதில்: பிரிய எனக்குச் சம்மதம் இல்லை. வேலையையும் விட மாட்டேன், நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறேன், அது எனக்கே தெரிகிறது. மாதத்தில் ஒரு தடவை நான் வருவேன், ஒரு தடவை நீ வா. ‘வரட்டுமா’ என்று இனி யாரும் யாரையும் கேட்க வேண்டாம். ஒரு வருடம் இப்படி ஓடட்டும். பிறகு கோடு போடு, நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

முடியாது என்றும் நீ எழுதலாம். தாங்கிக்கொள்வேன். ஆனால் எண்ணிக்கை மேல் பழியைப் போடாதே. உனக்கு வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது.

டீச்சர்


அக்டோபர் 8

என் டீச்சருக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கச் சொல்ல மாட்டேன். மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

பஸ் முதலில். ஆட்கள் வந்தார்கள். ஆனா கொடுத்த எல்லையின் கீழ் ஓரத்தில், ஆனாலும் எல்லைக்குள். காலைக் கூடுதல் வண்டி இனி நிரந்தரம். மாலை வண்டிகளை எடுத்துவிட்டார்கள், எவ்வளவோ வாதாடினேன். வழித்தடம் பாதி பிழைத்தது. கூட்டம் தாங்கவில்லை என்று இப்போது அதே டிரைவர் புலம்புகிறார்.

என் பக்கம் கேட்டாய். ஜூன் கடைசியில் உன் ஊருக்கு வந்தேன். சொல்லாமல். பல்கலைக்கழக வாசலில் எதிர்ப்பக்கம் நின்றேன். நீ மாணவர்களோடு வெளியே வந்தாய். எதையோ சொல்லிக் கையை ஆட்டி ஆட்டிச் சிரித்தாய். நான் இல்லாமலே நன்றாக இருக்கிறாய் என்று தோன்றியது. அடுத்த வண்டியில் திரும்பிவிட்டேன். அதற்கடுத்த வாரம்தான் உனக்கு அந்த முதல் கடிதம்.

அன்றைக்குச் சாலையைக் கடந்திருக்கலாம்.

வேண்டாம் என்று எழுத முயன்றேன். கிழித்த மூன்றும் அவைதான். உண்மையாக வரவில்லை.

உன் முகவரி கவரில் எழுதி எழுதி மனப்பாடம். ஒரு தடவைகூட உன் வீட்டுக்கு வராததால் எந்த மாடி என்பது மட்டும் தெரியாது. நீ எழுதவும் வேண்டாம், உன் பதில் வருவதற்குள் நான் கிளம்பியிருப்பேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கீழேயிருந்து ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு மேலே வருவேன். அக்கம்பக்கத்தில் சொல்லி வை.

உன்,
டிப்போக்காரன்