பூனை மேல் போட்ட பழி

ஐப்பசி, வியாழக்கிழமை

இரண்டு மாதமாக மங்கலாக இருந்த இடது கண்ணை இன்றுதான் பொன்னேரியில் டாக்டரிடம் காட்டினேன். பூனைக் கழிவிலிருந்து வரும் கிருமி கண்ணுக்குள் புண்ணை உண்டாக்கிவிட்டதாம். மாத்திரையில் வீக்கம் வடியும், போன பார்வை திரும்பாது என்றார். நான் கருவாடு காயவைக்கும் மணலில்தான் எங்கள் பூனை அசிங்கம் செய்யும்.

வீட்டுக்கு வந்ததும் என் புருஷன் பூனையைச் சாக்கில் போட்டுக் கட்டினார், ஏரியில் வீசுவதற்கு. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சாக்கைப் பிடுங்கி அவிழ்த்துவிட்டேன்.

"அது இன்னா பண்ணுச்சி? ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு நான் சொன்னப்பல்லாம், நண்டு சீசன் முடியட்டும்னு சொன்னது யாரு?"

கீழே கிடந்த சாக்கை எடுத்து மடித்தார். பிறகு, "இன்னொரு கண்ணு நல்லாத்தான கீது" என்றார்.

அப்போது வந்த ஆத்திரம் இதை எழுதும்போதும் அடங்கவில்லை.